முதல் முடிவுக்குப் பின்னால்: அல்காரிதம் அடுக்கும் வரிசையை வாசகரும் நூலகரும் சோதித்துப் பார்ப்பது எப்படி

கூகுள் தந்த பத்து முடிவுகளை, மாணவர்களுக்குச் சொல்லாமல், கடைசியிலிருந்து முதலாகத் திருப்பி வைத்துப் பார்த்த ஒரு கண்ணசைவு ஆய்வு 2007இல் வெளிவந்தது. பத்தாம் இடத்தில் இருந்திருக்க வேண்டிய பக்கம் உச்சிக்கு வந்த பிறகும் பலர் அதையே கிளிக் செய்தார்கள். மேலே இருக்கிறது என்பதே போதுமான சிபாரிசாகிவிட்டது.

அந்தச் சிபாரிசு எதை அளந்து செய்யப்படுகிறது, அதை எப்படிச் சோதிப்பது, வேண்டாதபோது எப்படிச் சுற்றிக்கொண்டு போவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதல் ஆறு படிகள் எல்லோருக்கும். ஏழிலிருந்து நூலகத்தில் வேலை செய்பவர்களுக்கு; அதற்குத் தேடல் மென்பொருளின் நிர்வாகக் கணக்கு கையில் இருந்தால் நல்லது.

படி 1: முன்னால் இருப்பது எந்த வகைப் பட்டியல்?

திரையில் எல்லாப் பட்டியலும் ஒன்றுபோலத்தான் தெரியும், உள்ளே நடக்கும் வேலை வேறு வேறு.

தேடுபொறி நீங்கள் தட்டிய சொற்களிலிருந்து தொடங்குகிறது. சொற்பொருத்தம், பக்கத்துக்கு வரும் இணைப்புகள், மொழி, நீங்கள் இருக்கும் இடம், பக்கம் எவ்வளவு புதியது என்று பலவற்றைச் சேர்த்து மதிப்பெண் போடும். 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் விவரித்த பேஜ்ரேங்க், ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பை வாக்காக எண்ணியது. நிறைய வாக்கு வாங்கிய பக்கம் போடும் வாக்குக்கு எடை அதிகம். நூலகத் துறைக்கு இந்த யோசனை பழசு. ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதை யூஜின் கார்ஃபீல்டு 1960களிலேயே அட்டவணையாக்கிவிட்டார்.

பரிந்துரைப் பட்டியலுக்குக் கேள்வியே வேண்டாம். இதை எடுத்தவர்கள் அதையும் எடுத்தார்கள் என்ற கணக்கு போதும். புத்தகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

சமூக ஊடகத்தைத் திறந்ததும் வரிசையாக வரும் பதிவுகள்தான் ஃபீட்; அது ஊகம். இந்தப் பதிவைக் காட்டினால் நீங்கள் லைக் போடுவீர்களா, பதில் எழுதுவீர்களா, எத்தனை நொடி நிற்பீர்கள் என்று கணித்து அடுக்குகிறது.

முடிவுகளுக்கு மேலே உட்காரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் நான்காவது வகை. பத்து இணைப்புகள் இருந்தால் அவை ஒன்றோடொன்று முரண்படுவதாவது கண்ணில் படும். சுருக்கம் அவற்றில் சிலதை எடுத்து ஒரே குரலாக்கிவிடும். அதை நம்புவதற்கு முன் அது காட்டும் ஆதாரங்களில் இரண்டையாவது திறந்து, சொன்ன வாக்கியம் உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரப் பக்கம் இருக்கும், ஆனால் அதில் அந்தச் செய்தி இருக்காது. இந்தத் தவறு அடிக்கடி வரும்.

படி 2: எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போடுங்கள்

பெரும்பாலான தளங்கள் தங்கள் எடைகளைச் சொல்வதில்லை. ட்விட்டர் 2023 மார்ச் இறுதியில் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் எடைகளும் கிடைத்தன. லைக் 0.5, மறுபகிர்வு 1, பதில் 13.5, அந்தப் பதிலுக்கு எழுதியவரே வினையாற்றினால் 75, “இது மாதிரி வேண்டாம்” என்று ஒதுக்கினால் கழித்தல் 74, புகார் செய்தால் கழித்தல் 369. ஒவ்வொன்றும் நடக்கும் வாய்ப்பை ஊகித்து, எடையால் பெருக்கி, கூட்டுவார்கள்.

இரண்டு கற்பனைப் பதிவுகளை வைத்துப் பார்ப்போம். முதலாவது பயனுள்ள குறிப்பு: 100 பேரில் 10 பேர் லைக் போடுவார்கள், ஒருவர் பதில் எழுதுவார். 0.10 × 0.5 = 0.05, 0.01 × 13.5 = 0.135; மொத்தம் 0.185. இரண்டாவது வம்புக்கு இழுக்கும் பதிவு: 2 பேர்தான் லைக், ஆனால் 5 பேர் பதில் எழுதிச் சண்டை போடுவார்கள். 0.01 + 0.675 = 0.685. ஆயிரத்தில் ஒருவர் புகாரே செய்கிறார் என்று வைத்தாலும் 0.369 கழிந்து 0.316 நிற்கும். வம்புதான் மேலே வரும். யாரும் வம்பை வளர்க்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டமிடவில்லை, பதிலுக்கு 13.5 என்று எழுதினார்கள், அவ்வளவுதான்.

இந்தத் துல்லியமான எண்களை இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஃபேஸ்புக் 2017இல் கோபம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்தது. பிறகு படிப்படியாகக் குறைத்து, 2020இல் கோபக் குறியின் எடையைப் பூஜ்யமாக்கியது. யூடியூப் 2012இல் பார்வை எண்ணிக்கையை விட்டு, பார்க்கும் நேரத்தை முதன்மையாக்கியது. எனவே ஒரு தளத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: இங்கே எந்தச் செயல் எண்ணப்படுகிறது? நான் செய்வதில் எது அதற்கு வாக்காகிறது? திட்டுவதற்காகப் பதில் எழுதுவதும் வாக்குதான்.

படி 3: உங்களுக்காக மாற்றப்படுகிறதா என்று அளந்து பாருங்கள்

கூகுள் 2009 டிசம்பரில், கணக்கில் நுழையாதவர்களுக்கும் முடிவுகளைத் தனிப்பயனாக்கத் தொடங்கியது. இப்படி அவரவர்க்குப் பிடித்ததற்குள்ளேயே ஒவ்வொருவரும் அடைபடுவதைக் குறிக்க, 2011இல் ஈலாய் பாரிசர் ‘வடிகட்டிக் குமிழி’ என்ற சொல்லைப் பரப்பினார். அதன்பின் இரண்டு பேர் திரையில் வேறு வேறு முடிவு தெரிந்தாலே குமிழி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சோதனையை ஒழுங்காகச் செய்தால் அந்த வேறுபாட்டில் பாதி ஆவியாகிவிடும்.

உங்களுக்கு அக்கறையுள்ள 10 கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: மூன்று அரசியல், மூன்று உடல்நலம், இரண்டு பொருள் வாங்குவது, இரண்டு சாதாரணத் தகவல். ஒவ்வொன்றையும் மூன்று இடங்களில் தேட வேண்டும். அ: உங்கள் வழக்கமான உலாவி, கணக்கில் நுழைந்த நிலையில். ஆ: வேறொரு உலாவி, கணக்கு இல்லாமல், வரலாறும் குக்கீயும் அழித்து. இ: ஆ போலவே மூன்றாவது ஓர் உலாவி. மூன்றும் ஒரே இணைய இணைப்பில், ஒரே சில நிமிடங்களுக்குள். விளம்பரங்களைத் தள்ளிவிட்டு முதல் 10 முகவரிகளை விரிதாளில் ஒட்டுங்கள்.

இப்போது ஆவுக்கும் இக்கும் எத்தனை முகவரி வேறுபடுகிறது என்று எண்ணுங்கள். அதுதான் இரைச்சல்: சேவையகம் மாறியது, தேடுபொறி நடத்திக்கொண்டிருக்கும் சோதனை, புதுச் செய்தி வந்தது போன்ற காரணங்கள். அவுக்கும் ஆவுக்கும் 3 வேறுபட்டு, ஆவுக்கும் இக்கும் 2 வேறுபட்டால், உங்கள் கணக்கின் மேல் பழி போட ஒன்றுதான் மிச்சம். இ இல்லாமல் செய்யும் சோதனைகள் எல்லாம் இங்கேதான் கவிழ்கின்றன. 2013இல் இதேபோன்ற கட்டுப்பாட்டோடு 200 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், சராசரியாக 11.7 சதவீத முடிவுகளே தனிப்பயனாக்கத்தால் வேறுபட்டன; கணக்கில் நுழைந்திருப்பதும் இருக்கும் இடமும்தான் முக்கியக் காரணங்கள்.

இன்காக்னிட்டோ சன்னல் இடத்தை மறைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அது உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவே.

தேடலைப் பொறுத்தவரை, ஆளுக்கொரு முடிவு வருவதைவிட எல்லோருக்கும் அதே நாலைந்து தளங்கள் வருவதுதான் பெரிய சிக்கல். ஃபீடில் நிலைமை தலைகீழ். அங்கே ஆளுக்கொரு திரைதான்.

படி 4: கேள்வியை உடைத்துப் போடுங்கள்

முடிவை மாற்ற மிக மலிவான வழி, கேள்வியை மாற்றுவது. சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே சொற்கள் உள்ள பக்கங்களே வரும். கூகுளின் கருவிகள் பகுதியில் ‘வெர்பாட்டிம்’ என்ற தேர்வு, நீங்கள் தட்டியதற்குப் பதில் ஒத்த சொல்லைப் புகுத்துவதை நிறுத்தும். 2024இலிருந்து ‘வெப்’ என்ற வடிகட்டியும் இருக்கிறது. சுருக்கம், பெட்டி எதுவும் இல்லாமல் வெறும் இணைப்புகள் வரும். காலத்தை வரையறுக்க, ‘பிஃபோர்’ அல்லது ‘ஆஃப்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடுத்து முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் ஆண்டு. ஒரு சர்ச்சை கிளம்புவதற்கு முன் அந்தப் பொருளைப் பற்றி என்ன எழுதப்பட்டிருந்தது என்று பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கைக்கு எடை அதிகம், ஆகவே பழைய, புகழ்பெற்ற கட்டுரை மேலேயே நிற்கும்; மேலே நிற்பதால் மறுபடி மேற்கோள் காட்டப்படும். ஒரு நல்ல பழைய கட்டுரையைப் பிடித்து, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து, அதற்குள் ஆண்டு வரையறுத்துத் தேடினால் புதியவை கிடைக்கும்.

தமிழில் தேடுபவர்களுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. இவை தரவரிசைக்கு முன்பே, பொருத்தம் பார்க்கும் கட்டத்திலேயே பக்கங்களை வடிகட்டிவிடுகின்றன.

வேற்றுமை உருபு முதல் சிக்கல். ‘நூலகம்’ என்று தேடினால், வேர்ச்சொல் பிரிக்கத் தெரியாத ஒரு நூற்பட்டியல் ‘நூலகத்தில்’ என்று இருப்பதைத் தொடாது. நட்சத்திரக் குறியை ஏற்கும் இடங்களில் ‘நூலக’ என்று நிறுத்தி நட்சத்திரம் போடுங்கள். சொல் சிறியதானால் கவனம்: ‘ஆறு’, ‘ஆற்றில்’ இரண்டையும் பிடிக்க ‘ஆற’ என்று நிறுத்தினால் ‘ஆறுதல்’ எல்லாம் கூடவே வரும். ‘கோயில்’, ‘கோவில்’ போன்ற இரட்டை வடிவங்கள் இருந்தால் இரண்டிலும் தேடிப் பாருங்கள்.

குறியேற்றம் அடுத்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு கண்ணுக்குத் தமிழ், இயந்திரத்துக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. சந்தேகமிருந்தால் பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் பரவாயில்லை, அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக வந்தால் அந்தக் கோப்பு தேடலுக்கு இல்லாத கோப்பு. யூனிகோடிலேயே ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுதான். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தைச் செய்யாத மென்பொருள் இரண்டையும் வெவ்வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

உலகின் பல பெரிய நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதிவு செய்கின்றன என்பது மூன்றாவது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல். நாம் பழக்கத்தில் இசட்-ஹெச் தட்டுவோம், பூஜ்ய முடிவு வரும். அங்கே வெறும் எல் தட்டுங்கள்.

படி 5: பக்கத்தை விட்டு வெளியே போய்ப் பாருங்கள்

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் தளங்களை மதிப்பிட்டார்கள்: 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். படித்த பேராசிரியர்களே பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து, லட்சணமான முகப்பைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் புதிய டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

அப்படித் தேடும்போது ஒரு பொறி உண்டு. மைக்கேல் கோலெபியெவ்ஸ்கியும் டானா பாய்டும் 2018இல் ‘தரவு வெற்றிடம்’ என்று பெயரிட்டது அது. யாரோ புதிதாக ஒரு சொற்றொடரை உருவாக்கி, அதைச் சுற்றித் தங்கள் பக்கங்களை மட்டும் நிரப்பிவைத்து, “நீங்களே தேடிப் பாருங்கள்” என்பார்கள். நல்ல பக்கங்கள் அந்தச் சொல்லையே பயன்படுத்தாததால், எந்த அல்காரிதமும் வேறெதையும் காட்ட முடியாது. அடையாளம்: முடிவுகள் எல்லாம் ஒரே வழக்குச் சொல்லைப் பேசும், ஒன்றையொன்று சுட்டும், சில மாதங்களுக்குள் எழுதப்பட்டிருக்கும். மருந்து எளிது: அவர்கள் தந்த சொல்லை விட்டுவிட்டு, அந்த விஷயத்துக்குத் துறையில் வழங்கும் பழைய பெயரில் தேடுங்கள்.

படி 6: ஃபீடை ஒழுங்குசெய்தல்

இதில் சொல்வதற்கு அதிகமில்லை. காலவரிசைப் பார்வை அல்லது ‘நீங்கள் பின்தொடர்பவர்கள் மட்டும்’ என்ற தேர்வு இருந்தால் அதற்கு மாறுங்கள். பல தளங்கள் சில நாளில் அதைத் திரும்பவும் மாற்றிவிடும், கவனித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், மாதம் 4.5 கோடிப் பயனர்களைத் தாண்டிய தளங்கள், ஆளைப் பற்றித் திரட்டிய விவரங்களை வைத்து அடுக்காத ஒரு பரிந்துரை வகையையாவது தரவேண்டும் என்று டிஜிட்டல் சேவைச் சட்டம் சொல்கிறது. யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்தி, பழையதையும் அழித்தால், 2023 ஆகஸ்டிலிருந்து முகப்பு ஏறக்குறைய வெறுமையாகவே வரும். சப்ஸ்கிரைப் செய்த அலைவரிசைகள் தனிப் பக்கத்தில் இருக்கும். முழு வரலாற்றையும் அழிக்க மனமில்லையென்றால், பிள்ளைகள் உங்கள் போனில் பார்த்த அந்த ஒரு மாலையை மட்டும் அழித்தாலே பரிந்துரை கணிசமாகத் தெளியும்.

படி 7: நூலகத் தேடலுக்கு ஒரு சோதனைத் தாள்

நூலகத்தின் தேடல் பெட்டி நடுநிலையானது என்று வாசகர் நினைக்கிறார், பல நூலகர்களும் அப்படியே. 2009இல் சம்மன் என்ற நூலகத் தேடல் மென்பொருள் வந்ததிலிருந்து பரவிய டிஸ்கவரி மென்பொருள்கள் புத்தகம், கட்டுரை, மின்னூல் எல்லாவற்றையும் ஒரே சுட்டியில் (தேடல் அட்டவணையில்) போட்டு ஒரே வரிசையில் தருகின்றன. அந்த வரிசையை நிறுவனம்தான் எழுதியது.

20 வரிகள் உள்ள ஒரு தாள் தயாரியுங்கள். எட்டு வரியில், உங்களிடம் நிச்சயம் இருக்கும் நூல்களின் தலைப்பு. நான்கில் ஆசிரியர் பெயரும் தலைப்பில் ஒரு சொல்லும் கலந்து. மூன்றில் ஒற்றைச் சொல் தலைப்பு. ‘நேச்சர்’ என்ற ஆய்விதழைத் தேடிப் பார்ப்பது உலகம் முழுக்க நூலகர்கள் செய்யும் சோதனை, ஏனென்றால் அந்தச் சொல் லட்சக்கணக்கான கட்டுரைகளில் இருக்கிறது. ஐந்தில் பொருள் சார்ந்த தேடல். தலைப்புத் தேடல்களில் சரியான நூல் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று குறியுங்கள். முதல் மூன்றுக்குள் வராதவை எல்லாம் வாசகரைப் பொறுத்தவரை நூலகத்தில் இல்லாதவை.

படி 8: எடைகளைத் திறந்து பாருங்கள்

திறந்த மூல மென்பொருளானால் எடைகள் கண்ணெதிரே இருக்கும். வியூஃபைண்ட் என்ற நூலகத் தேடல் மென்பொருளில் ‘சர்ச்ஸ்பெக்ஸ்’ என்ற அமைப்புக் கோப்பு. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் இயந்திரத்தோடு இயங்கும் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் பணியாளர் பக்கத்திலேயே புலங்களுக்கு (தலைப்பு, ஆசிரியர் போன்ற பகுதிகளுக்கு) எடை தரலாம்.

பதிவுக்கு மதிப்பெண் போட அடியில் ஓடும் சூத்திரம் பெரும்பாலும் பிஎம்25. அரிய சொல்லுக்கு அதிக மதிப்பு என்ற அதன் ஒரு பாதி கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்தது. இயல்பு அமைப்பில் இரண்டு எண்கள்: 1.2, 0.75. முதலாவது, ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதற்குக் கடிவாளம். சராசரி நீளமுள்ள பதிவில் சொல் ஒரு தடவை வந்தால் 1 என்றால், பத்துத் தடவை வந்தாலும் 1.96தான். இரண்டாவது, நீளத்துக்கு அபராதம். சராசரியைப் போலப் பத்து மடங்கு நீளமான பதிவில் அதே சொல் ஒரு தடவை வந்தால் 0.21தான் கிடைக்கும். பொருளடக்கம் முழுவதையும் அக்கறையாகத் தட்டிச் சேர்த்த பதிவு சில சமயம் கீழே இறங்குவது இதனால்தான். பொருளடக்கத்தைத் தனிப் புலத்தில் வைத்து, தலைப்புப் புலத்துக்கு எடையைக் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, 20 வரித் தாளை மறுபடி ஓட்ட வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கே தெரியாது.

வணிக மென்பொருளானால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: தங்கள் சொந்தத் தரவுத்தளங்களுக்கு முன்னுரிமை உண்டா? எந்தப் பதிப்பாளர்கள் முழு உரை தருகிறார்கள், யார் வெறும் தலைப்பு மட்டும்? தகவல் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் அமெரிக்க அமைப்பான நைசோவின் திறந்த டிஸ்கவரி முன்னெடுப்பு (2014, திருத்தம் 2020) இந்த வெளிப்படைத்தன்மையைப் பரிந்துரைக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதிலும் உருப்படியாக வரும்.

படி 9: சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் சாய்வு

அல்காரிதம் வருவதற்கு முன்பே வரிசை சாய்ந்துதான் இருந்தது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் ட்யூயி வகைப்பாட்டில் 220 முதல் 289 வரை விவிலியத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும். மற்ற சமயங்கள் எல்லாம் 290களில் நெருக்கிக்கொண்டு நிற்கும். ‘இதைப் போன்றவை’ என்று வகை எண்ணை வைத்துப் பரிந்துரைக்கும் மென்பொருள் இந்த நெருக்கடியை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

தானியங்கி உதவிகளை இன்னும் கூர்ந்து பாருங்கள். மேத்யூ ரீட்ஸ்மா என்ற நூலகர் 2016இல் சுட்டிக்காட்டியது: சம்மனில் பணியிட மன அழுத்தம் என்று தேடினால், பக்கத்தில் வரும் விளக்க அட்டை பணியில் பெண்கள் என்ற தலைப்பைக் காட்டியது. உங்கள் மென்பொருளில் இப்படி ஓர் அட்டை இருந்தால், சமயம், சாதி, பாலினம், நோய், புலம்பெயர்வு தொடர்பான 50 தேடல்களை ஓட்டித் திரைப்பிடிப்பு எடுங்கள். தவறானவற்றைப் புகாராக அனுப்புங்கள். திருந்தவில்லையென்றால் அட்டையை அணைத்துவிடும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 10: வரிசை புத்தகம் வாங்கும் இடம்

வெளியுலகில் அல்காரிதம் காட்டுகிறது, மறைக்கிறது. நூலகத்தில் அது வாங்கவும் செய்கிறது, தூக்கிப் போடவும் செய்கிறது.

வாசகர் தேவை அடிப்படையிலான கொள்முதலில், நூலகம் இன்னும் வாங்காத மின்னூல்களின் பதிவுகளும் பட்டியலில் கலந்திருக்கும். யாராவது திறந்து ஒப்பந்தம் சொல்லும் நிமிடங்களைத் தாண்டிப் படித்தால், அல்லது பதிவிறக்கினால், குறுங்காலக் கடனோ கொள்முதலோ தானாக நடக்கும். எனவே மேலே வந்தது திறக்கப்படுகிறது, திறந்தது வாங்கப்படுகிறது. வாங்கியது பயன்பாட்டு அறிக்கையில் நன்றாகத் தெரிகிறது, அடுத்த ஆண்டு அதே பதிப்பாளருக்குப் பணம் போகிறது. அலமாரியிலும் இதே கதை: ஐந்து ஆண்டாக யாரும் எடுக்கவில்லை என்று கழிக்கப்படும் புத்தகம், ஐந்து ஆண்டாகத் தேடலில் நாற்பதாவது இடத்தில் கிடந்ததாக இருக்கலாம்.

இதை உடைக்க மூன்று வேலை. கொள்முதல் நிதியில் ஒரு பங்கைத் தானியங்கிக்கு வெளியே, நூலகர் தேர்வுக்கு ஒதுக்கி வையுங்கள். கழிப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலையும் அதன் பொருளில் தேடி, எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே முத்திரை குத்துங்கள். பதிவில் பொருள் தலைப்பே இல்லாமல் இருந்தால் முதலில் அதைச் சேர்த்து, ஓர் ஆண்டு அவகாசம் கொடுங்கள்.

படி 11: பூஜ்ய முடிவுப் பதிவேடு

மாதம் ஒருமுறை, ஒரு முடிவும் வராத தேடல்களில் அடிக்கடி வந்த 50ஐ எடுங்கள். எடுக்கும்போது பயனர் அடையாள எண்ணை நீக்கிவிட வேண்டும். யார் எதைத் தேடினார் என்பது யாருக்கும் தேவையில்லை, என்ன தேடப்பட்டது என்பது மட்டும் போதும். பட்டியல் பெரும்பாலும் மூன்றாகப் பிரியும்: எழுத்துப் பிழை, நம் பட்டியலில் வேறு சொல்லில் இருப்பது, உண்மையிலேயே நம்மிடம் இல்லாதது. மூன்றாவது கொள்முதல் மேசைக்கு. முதல் இரண்டும் ஒத்தசொல் கோப்புக்கு: கோயில் – கோவில், சர்க்கரை நோய் – நீரிழிவு, கணினி – கம்ப்யூட்டர். சுட்டியிடும் நேரத்தில் செயல்படுவதாகக் கோப்பை அமைத்திருந்தால், சேர்த்ததும் சுட்டியை முழுதாக மறுபடி கட்ட வேண்டும். அதைச் செய்யாமல் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த வேலையில் சகஜம்.